கிட்டங்கியும் வளவும்

தமிழ் அகத்திணை இலக்கியத்தில் பொருள்வயிற் பிரிவு பெற்றுள்ள இடம் பெரிது. தலைவன் பிரியக் கருதுதலும், தலைவி அதனைக் குறிப்பால் உணர்ந்து வருந்துதலும், தோழி செலவு விலக்குதலும், சுரத்தின் வெம்மையும், குறித்த பருவம் வந்தும் அவன் வாராமையும் சங்கச் சான்றோரால் விரிவாகப் பாடப்பெற்றுள்ளன. ஆயினும் ஒன்று நோக்கற்பாலது. பொருள் தேடிச் சென்ற தலைவன் பெரும்பாலும் வழியிடையேதான் நமக்குக் காட்சி தருகின்றான். சென்று சேர்ந்த ஊரில் அவன் எங்குத் தங்கினான், யாரோடு உண்டான், எவ்விடத்துப் பாய் விரித்துத் துயின்றான் என்னும் வினாக்களுக்குப் பாடல்களில் விடை காண்டல் அரிது. வேந்தன் வினைமேற் சென்றோனுக்கேனும் பாசறை உண்டு. அதன் அமைப்பினை முல்லைப்பாட்டு விளங்கக் கூறுகின்றது. பொருள்வயிற் பிரிந்தோனுக்கு அத்தகைய தங்கிடம் ஒன்றினை இலக்கியம் அமைத்துக் காட்டவில்லை.

இலக்கியம் கூறாது விட்ட இடத்தை வரலாறு ஓரளவு நிரப்புதல் கூடும். மிக அண்மைக் காலத்தே, பத்தொன்பதாம் இருபதாம் நூற்றாண்டுகளில், தமிழ் வணிகர் குழு ஒன்று கடல்கடந்த நாடுகளில் தமக்கெனத் தங்கிடம் ஒன்றினை வகுத்துக்கொண்டு வாழ்ந்தது. அக்குழுவினர் நாட்டுக்கோட்டை நகரத்தார், அத்தங்கிடம் கிட்டங்கி. அது வீடும் அன்று, சத்திரமும் அன்று, கடை மட்டுமாகவும் அமைந்ததன்று. அது எவ்வாறு இயங்கிற்று, ஊரில் இருந்த வளவு வீட்டோடு அதற்கிருந்த தொடர்பு யாது, அது ஏன் நிலைபெறாது போயிற்று என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம். கிட்டங்கி வீடாக மாறாதிருத்தலே அதன் நோக்கம் என்பதும், அந்நோக்கம் ஊரிலிருந்த மகளிரைச் சார்ந்தே நிறைவேறிற்று என்பதும் நாம் நிறுவ விழையும் கருத்துக்கள்.

1. கடற்செலவும் மகளிரும்

தொல்காப்பியம் அகத்திணையியலில் பிரிவுக்குரிய காரணங்களை வகுத்துரைக்கும் ஆசிரியர், முந்நீர் வழக்கம் மகளிரோடு நிகழ்தல் இல்லை எனவும் ஓதுகின்றார். முந்நீர் என்பதற்குக் கடல் எனப் பொருள்கொண்டு, கடற்செலவில் தலைவியை உடன்கொண்டு போதல் இல்லை என்பர் இளம்பூரணர். ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவினைச் சுட்டியதாகக் கொள்வர் நச்சினார்க்கினியர். உரைகள் வேறுபடினும், பொருள் தேடிக் கடல் கடப்போன் தனித்தே செல்வான் என்னும் முடிபு இரண்டினும் பொருந்துவதாகும்.

இவ்வழக்கம் நெடுங்காலம் தொடர்ந்தது என்பதற்கு வெளிநாடுகளில் கிடைத்துள்ள தமிழ்க் கல்வெட்டுக்கள் மறைமுகச் சான்று பகர்கின்றன. சயாம் நாட்டுத் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும், அதன் காவலுக்குரிய மணிக்கிராமத்தாரையும் சேனாமுகத்தாரையும் குறிக்கின்றது. சுமத்திராவின் பாரூசுப் பகுதியில் உள்ள 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் செய்த ஏற்பாட்டினை உரைக்கின்றது. பர்மாவின் பகானில் கிடைத்த பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு நானாதேசி விண்ணகரத்தைப் பேசுகின்றது. குளம், கோயில், மண்டபம், குழு வகுத்த கட்டணம் ஆகியவையே இவற்றிற் காணப்படுகின்றன. இல்லறம் பற்றிய குறிப்பு இவற்றில் இல்லை. கல்வெட்டு கொடையையும் உடன்படிக்கையையும் பதிவுசெய்ய எழுந்ததாதலின், இல்லாமையைக் கொண்டு மிகைபடக் கூறுதல் ஆகாது. எனினும், அயல்நாட்டில் தங்கிய தமிழ் வணிகன் தன்னைக் குடும்பத்தின் வழியே காட்டிக்கொள்ளாது குழுவின் வழியே காட்டிக்கொண்டான் என்பது தெளிவு. இம்மரபின் அண்மைக்கால வடிவமே கிட்டங்கி எனலாம். பண்டைய வணிகக் குழுக்களுக்கும் நகரத்தார்க்கும் நேர்வழித் தொடர்பு உண்டு எனச் சாதித்தல் நம் கருத்தன்று. வாழ்முறையின் ஒப்புமையே ஈண்டுக் கருதப்படுகின்றது.

2. கொண்டுவிக்கச் செல்லுதல்

நகரத்தார் வணிகத்தின் பொருட்டு வெளிநாடு செல்லுதலைக் 'கொண்டுவிக்கப் போதல்' என்று வழங்குவர். கொண்டு விற்றல் என்பதன் மரூஉவாகிய இத்தொடர், அவர்தம் தொழில் பண்டமாற்றிலிருந்து வட்டித்தொழிலுக்கு மாறிய பின்னரும் மாறாது நின்றது. சொல் பழமையது, தொழில் புதியது.

இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், மேடான், சைகோன் முதலிய இடங்களில் அவர்தம் கடைகள் இருந்தன. அவற்றுள் பர்மாவே தலைமை பெற்றது. 1852ஆம் ஆண்டுக் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைப்பட்டதும், 1869ஆம் ஆண்டுச் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐராவதிக் கழிமுகத்தில் நெல் விளைவை வெகுவாகப் பெருக்கின. காடு திருத்திக் கழனியாக்கிய உழவர்க்கு முதல் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கிகள் அவர்க்குக் கடன் கொடுக்க முன்வரவில்லை. அவ்விடத்தை நகரத்தார் நிரப்பினர். 1929-30ஆம் ஆண்டில் பர்மா மாகாண வங்கித்தொழில் விசாரணைக் குழு செய்த மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன; அவற்றின் முதல் 75 கோடி ரூபாயை ஒட்டியிருந்தது.

இத்துணைப் பெருந்தொகையைக் கையாண்டவர் பலர் முதலாளிகள் அல்லர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துபவர் சம்பளத்திற்கு அமர்ந்த மேலாள்; அவர்க்குத் துணையாக அடுத்தாள்; அவர்க்குங் கீழே தொழில் பழகும் சிறுவன்; இவர்க்கெல்லாம் உணவு ஆக்கச் சமையலாள். ஆகவே, கிட்டங்கி வரலாறு செல்வர் வரலாறு மட்டுமன்று. சம்பளத்தை நம்பிக் கடல் கடந்த நடுத்தர நிலையினரின் வரலாறும் ஆகும்.

3. கிட்டங்கி: சொல்லும் இடமும்

கிட்டங்கி என்னுஞ் சொல் பண்டசாலையைக் குறிக்கும். தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி, மலாயில் கூடாங்கு என வழங்கும் இச்சொற்கள் ஒன்றோடொன்று தொடர்புடையன. இவற்றுள் எது மூலம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பழந்தமிழில் கிடங்கு அகழியை உணர்த்திப் பின்னர்ப் பொருள் சேமிக்கும் இடத்தை உணர்த்திற்று. நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது யாதெனின், பண்டம் வைக்கும் இடத்தின் பெயரே மாந்தர் வாழும் இடத்திற்கும் ஆயிற்று என்பது. தாம் வாழ்ந்த கட்டடத்தை வீடு, மனை, இல்லம் என்னும் பெயர்களுள் ஒன்றாலும் அவர்கள் வழங்கவில்லை.

சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு, பினாங்கில் பினாங்குத் தெரு, இரங்கூனில் மொகல் தெரு ஆகியன கிட்டங்கிகளால் பெயர் பெற்றவை. கிட்டங்கி நீண்டு ஒடுங்கிய கட்டடம். உள்ளே ஒரே கூடத்தில் பல கடைகள் அமைந்திருக்கும். கடை என்பது தனி அறையன்று. தரையில் ஒருவர்க்கு ஒதுக்கப்பட்ட இடமே. அவ்விடத்தில் ஒரு மரப்பெட்டி, தாழ்ந்த சாய்வு மேசை, பேரேடுகள் வைக்கும் அலமாரி ஆகியன இருக்கும். பகலில் அங்கே அமர்ந்து கணக்கெழுதுவர்; கடன் கொள்வோர் வந்து எதிரே அமர்வர். இரவில் அவ்விடத்திலேயே பாய் விரிப்பர். தொழிலிடமும் துயிலிடமும் ஒன்றே.

இவ்வமைப்பில் பெட்டி பெற்றிருந்த இடம் கருதத்தக்கது. பணமும் பத்திரமும் அதனுள் இருந்தன. தொழில் பழகும் சிறுவனுக்குப் 'பெட்டியடிப் பையன்' என்பதே பெயர். மற்றொருவன் இன்ன ஊரான், இன்ன தெருவினன் என அறியப்படுவான். இச்சிறுவனோ பெட்டியின் அடியில் இருப்பவன் என்று அறியப்பட்டான். தூக்கிச் செல்லக்கூடிய ஒரு பொருளே அவனுக்கு அயல்நாட்டில் முகவரி ஆயிற்று.

உணவு பொதுவாக ஆக்கப்பட்டது. செட்டிநாட்டு முறையிலேயே ஆக்கப்பட்டது. உண்டியும் உறையுளும் கடைச் செலவைச் சார்ந்தன. ஆதலின் மேலாள் தனக்கென அடுப்பு மூட்டவோ, கலம் வாங்கவோ, வாடகை கொடுக்கவோ வேண்டியதில்லை. இது சிக்கனம் கருதிய ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிக்கனம் மட்டுமே காரணம் எனின், பெருஞ்செல்வர் கடைகளிலும் இம்முறையே நிலவியதற்கு விடை கூறல் இயலாது. பலர் காண ஒரே கூடத்தில் வாழ்தல் ஒருவரையொருவர் காக்கும் காவலும் ஆயிற்று. ஒருவன் கணக்கும் ஒழுக்கமும் மற்றவர் கண்ணுக்குத் தப்பா. அயலூரில் தனிமைத் துயரை ஆற்றியதும் அக்கூடமே. தன்னுரிமையை அடக்கியதும் அக்கூடமே.

4. மூன்றாண்டுத் தவணை

மேலாள் புறப்படுமுன் முதலாளியோடு சம்பளச்சீட்டு எழுதிக்கொள்வார். பொதுவாக வழங்கிய தவணை மூன்று ஆண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாகக் கொடுக்கப்படும். அது ஊரில் தங்கும் குடும்பத்தின் செலவுக்காகும். தவணை முடிவில் ஐந்தொகை எடுத்து, வரவு செலவு நேர்செய்து, அடுத்து வருபவரிடம் கடையை ஒப்படைத்துவிட்டு அவர் ஊர் திரும்புவார். சில காலம் ஊரில் தங்கியபின் மீண்டும் சீட்டெழுதுவார். இவ்வாறு ஒருவர் வாழ்நாளில் பல தவணைகள் கழியும்.

சங்கத் தலைவன் கார்ப்பருவத்தைக் குறித்துச் சென்றான். பருவம் வந்தும் அவன் வாராமையே பாடற்பொருள் ஆயிற்று. கிட்டங்கி மேலாளோ பருவத்தைக் குறிக்கவில்லை. சீட்டில் ஆண்டினைக் குறித்தார். பிரிவு உள்ளத்து உறுதியை மட்டும் சார்ந்து நில்லாமல் எழுத்துடன்படிக்கையைச் சார்ந்து நின்றது. இதன் பயன் இரண்டு. முதலாவது, மனைவிக்கு எண்ணிக் காத்திருக்க ஓர் எல்லை கிடைத்தது. இரண்டாவது, சென்ற இடத்தில் வேரூன்ற வேண்டும் என்னும் எண்ணம் மேலாளுக்கு எழவொட்டாது தடுக்கப்பட்டது. மூன்றாண்டில் விட்டுப்போக வேண்டிய இடத்தில் வீடு கட்டுவார் இலர். தவணை முறை வணிக ஏற்பாடு மட்டுமன்று. அது குடும்ப ஏற்பாடும் ஆம்.

ஆனால், எண்ணும் எல்லை உண்டு என்பதனால் துயர் குறைந்தது எனக் கொள்ளற்க. மகன் பிறந்த செய்தி கடிதத்தில் வரும். தந்தை அவனை முதன்முதற் காணும்போது அவன் நடந்து வருவான். பெற்றோர் இறந்த செய்தி வந்தவுடன் புறப்பட்டாலும் கப்பல் ஊர் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தவணைச் சீட்டில் இவற்றிற்கு இடம் இல்லை.

5. கோயில்

கிட்டங்கிக்கு அருகே கோயில் எழுந்தது. பினாங்கில் 1857ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் 1859ஆம் ஆண்டிலும் நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் அமைத்தனர். கடைகளின் வரவிலிருந்து எடுக்கப்பட்ட மகமை கோயிலுக்கு உரியதாயிற்று. வழிபாட்டிடமாக மட்டும் அது நிற்கவில்லை. இரங்கூனில் மாதந்தோறும் நடப்பு வட்டி வீதம் கோயிலில் கூடி முடிவு செய்யப்பட்டது. வழக்குகள் அங்கே தீர்க்கப்பட்டன. குடும்பம் இல்லாத ஊரில், குடும்பத்துப் பெரியோர் செய்யும் பணியைக் கோயிற்கூட்டம் செய்தது.

இக்கோயில்களில் எழுந்தருளிய முருகன் பெரும்பாலும் தண்டு ஊன்றித் தனித்து நிற்கும் தண்டாயுதபாணி. நகரத்தார்க்கும் பழனிக்கும் இருந்த பழந்தொடர்பே இதற்கு முதற்காரணம். காவடியும் பாதயாத்திரையும் அத்தொடர்பை இன்றும் காட்டுகின்றன. மனைவியைப் பிரிந்திருந்தோர் தேவியரின்றி நிற்கும் தெய்வத்தைத் தேர்ந்தனர் என்று முடிபு கூறுதல் சான்றுக்கு மிஞ்சியதாகும். ஆயினும், கிட்டங்கிக் கூடத்திலிருந்து எழுந்து சென்று தொழுத ஒருவர்க்கு அவ்வடிவம் அயலாகத் தோன்றியிராது என்ற அளவில் கூறுதல் தவறாகாது.

6. வளவும் ஆச்சிமார் பணமும்

இனி, கடலின் இக்கரையை நோக்குவோம். செட்டிநாட்டில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் வீடுகள் உள்ளன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எனத் தெருவிலிருந்து தெரு வரை நீளும் அவ்வீடுகளில் பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் இழைக்கப்பட்டன. வளவினைச் சூழ்ந்த அறைகள் மணமான மக்களுக்கு ஒவ்வொன்றாக உரியன. மணமானபின் மகனையும் மருமகளையும் 'வேறு வைத்தல்' மரபு. ஒரே கூரையின்கீழ் அவர்க்குத் தனி அடுப்பு உண்டு.

ஈண்டு ஒரு முரண் விளங்குகின்றது. வீட்டைக் கட்டிய பொருளை ஈட்டியவர் பாய் அகலத் தரையில் துயின்றார். அவர் கட்டிய அகன்ற வளவில் அவர் பெரும்பாலும் இல்லை. ஊரில் ஒரே கூரையின்கீழ் ஒவ்வொரு தம்பதிக்கும் தனி அடுப்பு. கிட்டங்கியில் பல கடையினர்க்கும் பொது அடுப்பு. ஊரில் மனைவியோடு சேர்த்தே அவர் எண்ணப்பட்டார். நகரத்தார் கோயிற்கணக்கில் மணமான தம்பதி சேர்ந்தே ஒரு 'புள்ளி'. ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றில் அப்புள்ளி பதிவு பெறும். எனவே, மேலாள் இரங்கூனில் பல்லாண்டு இருப்பினும் சமூகக் கணக்கில் அவர் தனியர் அல்லர்; ஊரில் இருக்கும் மனைவியோடு சேர்ந்தே அவர் ஒன்றாவார். உடல் எங்கிருப்பினும் எண்ணப்படும் இடம் ஊர். இக்கணக்குமுறை இருந்தமையாலேயே கிட்டங்கி வீடாகாமல் இருத்தல் இயன்றது.

பிரிவின் வரலாற்றில் மனைவியைக் காத்திருப்பவளாக மட்டும் காட்டுதல் இலக்கிய மரபு. நகரத்தார் கணக்கேடுகள் வேறொன்றையும் காட்டுகின்றன. கடைகளில் இட்டுவைக்கப்பட்ட வைப்புப் பணத்துள் 'ஆச்சிமார் பணம்' என ஒருவகை உண்டு. அது மகளிர்க்குச் சீதனமாக வந்த பணம். அது கடையில் வட்டிக்கு இடப்பட்டுத் தனிக்கணக்காக வளர்ந்தது. மகளிர் கடல் கடக்கவில்லை. அவர்தம் பணம் கடந்தது. கடையின் முதலில் அவர்க்குப் பங்கு இருந்தது. கடை வீழ்ந்தபோது இழப்பிலும் அவர்க்குப் பங்கு இருந்தது. இதனோடு, பிள்ளைகளை வளர்த்தல், உறவினர் நன்மை தீமைகளுக்குச் செய்முறை செய்தல், வீட்டு வரவு செலவு பார்த்தல் ஆகிய எல்லாம் அவர் தோளில் இருந்தன. மேலாளின் தவணை மூன்றாண்டில் முடிந்தது; ஆச்சியின் பணிக்குத் தவணை இல்லை. கிட்டங்கியின் வரலாற்றைக் கிட்டங்கிக்குள் மட்டும் தேடுவார் அதன் அடித்தளத்தைக் காணாது போவர்.

7. பர்மாவில் நேர்ந்தது

பெட்டி, பேரேடு, தவணை ஆகிய மூன்றும் பெயர்த்துச் செல்லக்கூடியவை. நகரத்தார் தொழிலும் அவ்வாறே பெயர்ச்சியுடையதாக இருக்கவே விரும்பியது, அவர் நாடியது வட்டியை, நிலத்தையன்று. 1930ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் எழுந்த பொருளாதார மந்தம் இந்நிலையைக் குலைத்தது. நெல்விலை வீழ்ந்தது. உழவர் கடனடைக்க இயலாது நிலத்தை விட்டனர். ஈடாக இருந்த நிலம் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல்விளை மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6. 1937இல் நூற்றுக்கு 25. ஏழாண்டில் நேர்ந்த மாற்றம் இது.

இதன் பொருளைப் பர்மிய உழவர் நிலையில் நின்றும் நோக்குதல் வரலாற்றாசிரியர் கடமை. தன் ஊரில் மனைவி மக்களோடு வாழாதவர், மூன்றாண்டில் போய்விடுபவர், போனபின் அவர்க்குப் பதில் வேறொருவர் வருவர். அவர் சார்ந்த கடையோ தன் முன்னோர் திருத்திய கழனிக்கு உரிமை பெற்று நிற்கின்றது. ஊர்க்காரராக வாழாதவர் ஊர் நிலத்திற்கு உடையவராதல் அவ்வுழவர்க்குப் பொறுத்தற்கரியதாயிற்று. நிலம் விரும்பிப் பெற்றதன்று என்னும் நகரத்தார் கூற்று உண்மையே. ஆயினும், நிலம் இழந்தோர்க்கு அவ்வுண்மை ஆறுதல் தாராது. குடும்பத்தைக் காத்த அதே ஏற்பாடு, வேரூன்றாமை என்னும் அதே நெறி, இங்கே பகைமைக்கு ஒரு காரணம் ஆயிற்று. பெயர்ச்சியுடைய தங்கிடமும் பெயராத நிலவுடைமையும் ஒருங்கே நிற்றல் அரிது என்பதைப் பர்மா காட்டிற்று.

1941ஆம் ஆண்டு திசம்பர் 23ஆம் நாள் இரங்கூன்மீது சப்பானியர் குண்டு வீசினர். அதனையடுத்த மாதங்களில் பல நூறாயிரம் இந்தியர் பர்மாவை விட்டனர். கப்பல் கிடைக்காதோர் மலைவழியே நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். இரங்கூனில் வாழ்ந்த வெ. சாமிநாத சர்மாவின் பர்மா நடைப்பயண நூல் அத்துயரை நேரிற் கண்டோர் கூற்றாக நமக்குக் கிடைத்துள்ளது. போருக்குப்பின் மீண்டோர்க்கும் பழைய நிலை வாய்க்கவில்லை. 1948ஆம் ஆண்டு விடுதலை பெற்ற பர்மா அவ்வாண்டிலேயே நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. 1963, 1964ஆம் ஆண்டுகளில் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் அரசின் உடைமையாயின. பெட்டியைத் தூக்கிவரலாம், கழனியைத் தூக்கிவருதல் இயலாது. ஆச்சிமார் பணமும் அதனோடு போயிற்று.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மாற்றம் வேறுவகையாக நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து சிலர் குடும்பத்தை உடனழைத்து வாழத் தொடங்கினர். மனைவியும் மக்களும் வந்த இடத்தில் கிட்டங்கிக்கு வேலை இல்லை. தனி வீடு வேண்டியிருந்தது. வங்கிகள் பெருகின, குடியுரிமைச் சட்டங்கள் வந்தன, ஆள் மாற்றி ஆள் அனுப்பும் தவணை முறை தளர்ந்தது. இம்மாற்றக் காலத்துக்கு முந்திய கடைத்தெரு வாழ்வினைப் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) ஆகிய நாவல்கள் காட்டுகின்றன. மேடானிலும் பினாங்கிலும் வாழ்ந்தறிந்தவர் எழுதியவையாதலின் அவை வரலாற்று மாணவர்க்கும் பயன் தருவன. சங்கப் பாடல்கள் கூறாது விட்ட தங்கிடத்தைத் தமிழ் இலக்கியம் அவற்றிலே காட்டிற்று எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன இவை: கிட்டங்கி, குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்தோர் குடும்பத்திற்கு மாற்றாக அமைத்துக்கொண்ட இடமன்று. குடும்பம் ஊரிலேயே முழுமையாக நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே குறைபட அமைக்கப்பட்ட இடம் அது. அதன் ஒடுக்கமும், பொது அடுப்பும், தவணையும், கோயிற்கூட்டமும் ஆகிய எல்லாம் அந்நோக்கத்திற்கு இயைந்தன. அந்நோக்கத்தின் சுமையைப் பெரிதும் தாங்கியவர் ஊரிலிருந்த மகளிர். அயல்நாட்டு மண்ணோடு கலவாமையால் விளைந்த தீங்கைத் தாங்கியவர் அந்நாட்டு உழவரும், இறுதியில் நகரத்தார் தாமும் ஆவர்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இன்று வானளாவிய அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. செட்டிநாட்டு வளவுகளுள் பல ஆண்டில் சில நாளே, திருமணத்திற்கும் படைப்பிற்கும், திறக்கப்படுகின்றன. எஞ்சியுள்ள சம்பளச்சீட்டுக்களும் பேரேடுகளும் கடிதங்களும் குடும்பப் பெட்டிகளில் கிடந்து செல்லரிக்கின்றன. அவற்றுள்ளும் ஆச்சிமார் கணக்குகளும் அவர்க்கு வந்த கடிதங்களும் முதலில் தொகுக்கத் தக்கன; ஏனெனில் முதலில் அழிவனவும் அவையே. பொருள்வயிற் பிரிவினை ஆராயும் தமிழ் மாணவர் பாலைப் பாடல்களோடு இவ்வேடுகளையும் ஒருங்கு வைத்துக் கற்பாராயின், திணையிலக்கணம் உரைத்த பிரிவு எத்தகைய தரையில், எத்தகைய கணக்கில், யார் உழைப்பில் நிகழ்ந்தது என்பது விளங்கும்.